இடியட், இம்பெசில், மோரான்: ஆங்கில வசைகளுக்குப் பின்னால் நிற்கும் மனிதர்கள்



ஆங்கிலத்தில் புழங்கும் வசைச்சொற்களின் வேறுபாடுகளைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது இந்தச் சொற்பொழிவின் அமைப்பாளர்கள் தயங்காமல் இசைந்தார்கள். அவர்களுக்கு நன்றி. ஒரு சமூகம் எதைப் போற்றியது என்பதை அதன் காப்பியங்களும் கல்வெட்டுகளும் சொல்லிவிடும். எவரைக் கீழாக நினைத்தது என்று அவற்றில் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதியை அறிய அந்தச் சமூகம் கோபத்தில் உதிர்த்த சொற்களைத்தான் கேட்க வேண்டும்.

நம்மில் பலருக்கு இந்தச் சொற்கள் முதலில் அறிமுகமானது திரைப்படங்களின் வழியாக. கோட்டும் டையும் அணிந்த பணக்கார அப்பா மாடிப்படியில் நின்று 'இடியட்', 'ராஸ்கல்', 'ஸ்கவுண்ட்ரல்' என்று கத்துவார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் 'ஸ்டுப்பிட்' என்பார். அலுவலகத்தில் மேலதிகாரி 'நான்சென்ஸ்' என்று கோப்பைத் தூக்கிப் போடுவார். தமிழில் சொன்னால் கைகலப்பில் முடியக்கூடிய கோபம், ஆங்கிலத்தில் சொல்லும்போது படித்தவரின் கோபமாக ஏற்கப்பட்டுவிடுகிறது. வேற்றுமொழிச் சொல் என்பதால் அது யார்மீது விழுகிறது என்று நாம் கேட்பதில்லை. இன்று அதைக் கேட்க விரும்புகிறேன். ஆங்கில வசைகள் காரத்தின் அளவில்தான் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன என்று அகராதியைப் புரட்டுகிறவருக்குத் தோன்றும். நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். பெரும்பாலான வசைகள் யாரோ ஒருவரைத் தாழ்ந்தவர் என்று முன்பே தீர்மானித்துவிட்டு, அவரைக் காட்டி எதிரில் நிற்பவரைத் திட்டுகின்றன. அந்த ஒருவர் யார் என்பதில்தான் வசைக்கும் வசைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இருக்கிறது.

முதலில் இன்றைய வழக்கைப் பார்த்துவிடுவோம். அறிவுக்குறைவைச் சுட்டும் சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம். 'சில்லி' அவற்றில் மிக மென்மையானது. தாய் குழந்தையிடம் கொஞ்சலாகச் சொல்லலாம். 'ஃபூல்' என்பதில் மூளைக்குறைவைவிட விவேகக்குறைவு முன்னால் நிற்கிறது. நன்றாகப் படித்து, கைநிறையச் சம்பாதித்து, கடைசியில் ஒரு மோசடிக்காரரிடம் சேமிப்பை எல்லாம் கொடுத்து ஏமாந்தவர் 'ஃபூல்'. அரண்மனைக் கோமாளிக்கும் அதே பெயர்தான். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் மன்னனிடம் உண்மையை எடுத்துச் சொல்கிறவன் அந்தக் கோமாளியே. அதனால் அந்தச் சொல்லில் இன்றும் கொஞ்சம் கனிவு தங்கியிருக்கிறது. 'ஸ்டுப்பிட்' செயலையும் குறிக்கும், ஆளையும் குறிக்கும். 'இது ஸ்டுப்பிடான யோசனை' என்று நண்பரிடம் சொல்லிவிட்டு அவரோடு தேநீர் குடிக்கப் போகலாம். 'நீ ஸ்டுப்பிட்' என்றால் போக முடியாது. 'இடியட்' நண்பர்களுக்குள் சாதாரணமாகப் புழங்குகிறது, சாவியை மறந்துவிட்டு வந்தவர் தன்னையே நொந்துகொள்ளவும் அதைத்தான் சொல்கிறார். 'மோரான்' என்று சொல்கிறவர் எதிராளியை மேலே நின்று பார்க்கிறார். அது நண்பர்களுக்கு இடையிலும் அவ்வளவு எளிதில் செரிக்காது. 'இம்பெசில்' கொஞ்சம் ஏட்டு வாடை வீசும் சொல், பழைய பாணி அதிகாரியின் வாயில் வரும்.

இடியட், இம்பெசில், மோரான் ஆகிய மூன்றுக்கும் நடுவே இன்று ஆங்கிலம் பேசுகிறவர் உணர்வது தொனி வேறுபாடு மட்டும்தான். ஒரு காலத்தில் இந்த வேறுபாட்டை வைத்து ஒருவரின் நிலம் யாருக்குப் போகும் என்று தீர்மானித்தார்கள். பின்னொரு காலத்தில் ஒருத்தி பிள்ளை பெறலாமா கூடாதா என்றும் தீர்மானித்தார்கள்.

நிலத்திலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் உருவான, அரசரின் தனியுரிமைகளைப் பற்றிய சட்டம் இரண்டு வகையினரைப் பிரித்தது. பிறவியிலேயே புத்தி வளராதவர் ஒரு வகை. இடையில் புத்தி தடுமாறி, அவ்வப்போது தெளிவு பெறுகிறவர் இன்னொரு வகை. முதல் வகையினரைப் பிற்காலச் சட்ட நூல்கள் 'இடியட்' என்றன. இரண்டாம் வகையினரை, நிலவின் வளர்பிறை தேய்பிறையோடு புத்தியும் மாறும் என்ற நம்பிக்கையில், 'லூனடிக்' என்றன. இடியட்டின் நிலத்தை அரசர் எடுத்துக்கொள்ளலாம். அவருக்குச் சோறும் துணியும் கொடுத்துவிட்டு, அவர் சாகும்வரை விளைச்சலின் வருமானத்தைத் தானே அனுபவிக்கலாம். லூனடிக்கின் நிலத்தை அரசர் காக்க மட்டுமே செய்யலாம். அதன் வருமானம் லூனடிக்குக்கும் அவர் குடும்பத்துக்கும்தான். ஒரே ஊரில், ஒரே அளவு நிலம் வைத்திருந்த இருவரில் ஒருவருக்கு எந்தச் சொல் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்து ஒரு குடும்பம் வாழ்ந்தது, ஒரு குடும்பம் கெட்டது.

அந்தச் சொல்லை எப்படி ஒட்டினார்கள்? 16ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் ஃபிட்ஸ்ஹெர்பர்ட் ஒரு சோதனை சொல்கிறார். இருபது பென்னிக் காசுகளை எண்ணத் தெரியாதவர், தாய் தந்தை யார் என்று சொல்லத் தெரியாதவர், தன் வயது என்ன என்று அறியாதவர் இடியட். காசை எண்ணத் தெரிந்தால் நிலம் தப்பும். 18ஆம் நூற்றாண்டில் பிளாக்ஸ்டன் எழுதிய சட்ட விளக்க நூலில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஒருவரைப் பிறவி இடியட் என்று தீர்ப்பளிக்க நடுவர் குழுவினர் அரிதாகவே முன்வந்தார்களாம். இன்ன காலத்திலிருந்து புத்தி சரியில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்களாம். அக்கம்பக்கத்தில் வாழ்ந்த சாதாரண மனிதர்கள், அண்டை வீட்டாரின் நிலம் அரசரிடம் போய்விடக் கூடாது என்று ஒரு சொல்லுக்குப் பதிலாக இன்னொரு சொல்லைத் தேர்ந்திருக்கிறார்கள். சட்ட நூலில் படித்த செய்திகளில் என் மனத்தை விட்டு அகலாதவற்றுள் இது ஒன்று.

இந்தப் பழைய பிரிவின் நிழல் நம் நாட்டுச் சட்டத்திலும் இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, மனநலக் காப்பகத்தில் இருப்பவர் இடையிடையே தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று எடுத்துக்காட்டுத் தருகிறது. காப்பகத்துக்கு அங்கே வழங்கும் பெயர் 'லூனடிக்' என்ற அடைமொழியோடுதான் இருக்கிறது. 1912ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டமோ, 'லூனடிக்' என்றால் இடியட் அல்லது சித்தம் சரியில்லாதவர் என்று வரையறுத்தது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அதன் இடத்துக்கு வரும்வரை, இந்தியாவில் 'இடியட்' ஒரு சட்டச் சொல்.

இனி 20ஆம் நூற்றாண்டு. பாரிஸில் ஆல்ஃபிரட் பினே என்ற உளவியலாளர், பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து கூடுதல் உதவி தர வேண்டும் என்பதற்காக 1905இல் ஒரு சோதனையை உருவாக்கினார். அதில் வரும் மதிப்பெண் மாறாத விதி என்று அவர் கருதவில்லை, கற்பித்தால் குழந்தை வளரும் என்று நம்பினார். அந்தச் சோதனையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் ஹென்றி காடார்ட். நியூ ஜெர்சி மாநிலத்தில் வைன்லேண்ட் என்ற ஊரில் இருந்த பயிற்சிப் பள்ளியின் ஆய்வு இயக்குநர் அவர். காடார்டின் கையில் அந்தச் சோதனை வேறு வேலைக்குப் போனது. மன வயது இரண்டைத் தாண்டாதவர் இடியட். மூன்று முதல் ஏழு வரை இம்பெசில். எட்டு முதல் பன்னிரண்டு வரை இருந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் இல்லை. முட்டாள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1910இல் அவரே ஒரு சொல்லைச் செய்தார். அதுதான் 'மோரான்'.

அவர் அதிகம் அஞ்சியது இந்த மூன்றாம் வகையினரைப் பார்த்துத்தான். இடியட்டையும் இம்பெசிலையும் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம். மோரான் நம்மைப் போலவே இருப்பான், வேலை செய்வான், திருமணம் செய்துகொள்வான், பிள்ளை பெறுவான், ஆகவே அவன்தான் சமூகத்துக்கு ஆபத்து என்று காடார்ட் எழுதினார். 1913இல் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் வந்திறங்கும் குடியேறிகளிடையே அவருடைய பெண் உதவியாளர்கள் நின்று, பார்வையாலேயே ஆட்களைத் தேர்ந்து சோதித்தார்கள். கப்பலின் அடித்தளத்தில் வாரக்கணக்கில் அடைந்து கிடந்து வந்த ஏழைகள் அவர்கள். பென்சிலே பிடித்தறியாதவர்களும் இருந்தார்கள். 1917இல் முடிவு வெளியானது. யூதர், ஹங்கேரியர், இத்தாலியர், ரஷ்யர் ஆகிய ஒவ்வோர் இனத்திலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் மூளைத்திறன் குன்றியவர்கள்! ஓர் இனத்துக்கு 50 பேரைத் தாண்டாத கூட்டத்தைச் சோதித்துவிட்டுச் சொன்ன முடிவு இது. 1882இலேயே அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் 'இடியட்'டுகளை நாட்டுக்குள் விடக் கூடாது என்று சொல்லியிருந்தது, 1907இல் 'இம்பெசில்' என்ற சொல்லும் சேர்ந்தது. யாரோ ஒருவர் உங்கள் பெயருக்கு எதிரே எழுதிய சொல்லால், நீங்கள் வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பப்படலாம்.

இப்போது கேரி பக் என்ற பெண்ணின் கதைக்கு வருகிறேன். இந்த உரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இவர் கதையை வைத்துக்கொள்ளுங்கள்.

கேரி 1906இல் வர்ஜீனியா மாநிலத்தின் சார்லட்ஸ்வில் நகரில் ஓர் ஏழைத் தாய்க்குப் பிறந்தவர். சிறுவயதிலேயே வேறொரு குடும்பம் அவரை வளர்க்க எடுத்துக்கொண்டது. பள்ளியில் தேர்ச்சி பெற்றுக்கொண்டிருந்தவரை நிறுத்தி வீட்டுவேலையில் போட்டார்கள். தாய் எம்மாவை 1920இல், காக்காய்வலிப்பு உள்ளவர்களுக்கும் மூளைத்திறன் குன்றியவர்களுக்குமான மாநிலக் காப்பகத்தில் அடைத்துவிட்டார்கள். வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவன் கேரியை வன்புணர்ந்தான். அவர் கருவுற்றார். குடும்ப மானம் போய்விடும் என்று, கெடுத்தவனை விட்டுவிட்டு, கெடுக்கப்பட்டவரை அதே காப்பகத்துக்கு அனுப்பினார்கள். 1924இல் அவருக்கு விவியன் என்ற மகள் பிறந்தாள்.

அதே ஆண்டு, பரம்பரையாகப் புத்திக்குறைவு உள்ளவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று வர்ஜீனியா சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் நீதிமன்றத்தில் நிற்குமா என்று பார்க்க ஒரு வழக்கு வேண்டியிருந்தது. மூன்று தலைமுறை கிடைத்த கேரியைத் தேர்ந்தார்கள். அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் காப்பகத்தாரின் நெருங்கிய நண்பர்; தம் கட்சிக்காரருக்காக ஒரு சாட்சியைக்கூட அழைக்கவில்லை. ஏழு மாதக் குழந்தை விவியனைப் பார்த்த சமூகப் பணியாளர், அதன் தோற்றம் இயல்பாக இல்லை என்ற பொருள்படச் சாட்சி சொன்னார். மூன்றாம் தலைமுறையின் குற்றம் அவ்வளவில் நிரூபணமாகிவிட்டது.

1927 மே 2ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கருத்தடைக்கு அனுமதி தந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், அமெரிக்கச் சட்ட உலகின் பேரறிஞர் என்று கொண்டாடப்பட்டவர். மூன்று தலைமுறை இம்பெசில்கள் போதும் என்ற பொருளில் அவர் எழுதிய வரி உலகெங்கும் பேசப்பட்டது. காப்பகத்தின் ஆவணங்களில் கேரிக்குக் கொடுத்திருந்த வகை 'மோரான்'. சோதனையில் அவருக்கு வந்த மன வயது ஒன்பது. காடார்டின் அளவுகோலில்கூட அவர் இம்பெசில் இல்லை. அறிவியல் துல்லியம் என்று சொல்லி ஒரு பெண்ணின் உடலில் கைவைக்கப் போன அரசின் உச்ச நீதிமன்றம், தன் சொந்த அறிவியலின் சொல்லைக்கூடச் சரிபார்க்கவில்லை. அந்தத் தீர்ப்பில் அந்தச் சொல் வசையாகத்தான் நின்றது.

அதே ஆண்டு அக்டோபரில் கேரிக்கு அறுவை செய்தார்கள். அவர் தங்கை டோரிஸுக்கும் செய்தார்கள். குடல்வால் அறுவை என்று டோரிஸிடம் பொய் சொன்னதால், ஏன் பிள்ளை பிறக்கவில்லை என்று தெரியாமலே அவர் ஆண்டுக்கணக்கில் ஏங்கினார். விவியன் பள்ளிக்குப் போனாள். 1931இல் சிறந்த மாணவர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. மறு ஆண்டு நோயில் இறந்தாள், எட்டு வயது. கேரி 1983வரை வாழ்ந்தார். முதுமையில் அவரைச் சந்தித்த ஆய்வாளர் பால் லொம்பார்டோ, அவர் நாள்தோறும் செய்தித்தாள் படித்ததையும் தோழியோடு சேர்ந்து குறுக்கெழுத்துப் புதிருக்கு விடை தேடியதையும் பதிவுசெய்திருக்கிறார். அமெரிக்கா முழுவதிலும் இத்தகைய சட்டங்களால் கருத்தடை செய்யப்பட்டவர்கள் 60,000 பேருக்கு மேல். 2002இல், தீர்ப்பின் 75ஆம் ஆண்டு நிறைவன்று, வர்ஜீனியா ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் இன்றுவரை வெளிப்படையாக ரத்து செய்யவில்லை. காடார்டாவது 1928 வாக்கில் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, மோரான்களைக் கற்பித்து வாழவைக்கலாம், அடைத்துவைக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் அவர் செய்த சொல் தெருவுக்கு வந்துவிட்டது.

பிரிட்டனும் இதில் பின்தங்கவில்லை. 1913ஆம் ஆண்டின் சட்டம் இடியட், இம்பெசில், ஃபீபிள்-மைண்டட், மாரல் இம்பெசில் என்று நான்கு வகை வகுத்தது. ஏழை நிவாரணம் பெற்றபடி திருமணமாகாமல் குழந்தை பெற்ற பெண்ணை, மூளைத்திறன் குன்றியவள் என்று கண்டால் அடைத்துவைக்க அந்தச் சட்டத்தில் இடமிருந்தது. 1959இல்தான் அந்தச் சொற்கள் சட்டப் புத்தகத்திலிருந்து போயின.

சட்டத்திலிருந்து போன சொல் பேச்சில் வசையாக நிற்கிறது. அதற்கு மாற்றாகக் கொண்டுவந்த சொல்லும் கொஞ்ச நாளில் வசையாகிவிடுகிறது. காடார்ட் தம் புதுச் சொல்லை முன்வைத்த சங்கத்தின் பெயரையே பாருங்கள். 1876இல் தொடங்கியபோது அதன் பெயரில் 'இடியாட்டிக்' என்ற சொல் இருந்தது. 1906இல் அதை நீக்கினார்கள், ஃபீபிள்-மைண்டட் மட்டும் நின்றது. 1933இல் 'மென்ட்டல் டெஃபிஷியன்சி'. 1987இல் 'மென்ட்டல் ரிட்டார்டேஷன்'. 2007இல் 'அறிவுசார் மாற்றுத்திறன்' என்று பொருள்படும் இன்றைய பெயர். ஐந்து பெயர்கள்! 'ரிட்டார்டட்' என்பது கனிவாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே மருத்துவர்கள் கொண்டுவந்த சொல். பள்ளி மைதானத்தில் அது கல்லாக மாறியது. 2010இல் ரோசா சட்டம் என்ற பெயரில் ஒரு சட்டம் இயற்றி, அமெரிக்க மத்திய அரசின் சட்டங்களிலிருந்து அதை நீக்கினார்கள். பிரிட்டனின் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, சிறுவர்கள் அந்தச் சொல்லையே வசையாக வீசத் தொடங்கியதால், 1994இல் ஸ்கோப் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

பெயரை மாற்றுவதால் பயனில்லை, மனம் மாற வேண்டும் என்று இதற்குச் சிலர் மறுமொழி சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. மனம் மாறும்வரை ஒரு குழந்தை காத்திருக்க முடியாது. பெயர் மாறும் ஒவ்வொரு முறையும், கொஞ்ச காலமாவது, அந்தக் குழந்தையைக் குறிக்க ஒரு மரியாதையான சொல் இருக்கிறது. அந்தக் கொஞ்ச காலம் ஒரு குழந்தையின் பள்ளிப் பருவம் முழுவதுமாக இருக்கலாம்.

ஊர்ப்பெயரும் வசையாகும். லண்டனில் 1247இல் தொடங்கிய பெத்லெம் மடம் பின்னர் மனநோயாளிகளின் மருத்துவமனை ஆனது. அதன் பெயர் பேச்சில் மருவி, கூச்சல் குழப்பம் என்ற பொருளில் 'பெட்லம்' என்று ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. சென்னைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கத்தின் பெயரை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்த வகை, தாழ்ந்த தொழிலையும் ஏழ்மையையும் காட்டித் திட்டும் வசைகள். நம் திரையுலகின் 'வில்லன்' தொடக்கத்தில் பண்ணையில் உழுதவன். இடைக்கால இங்கிலாந்தில் நிலப்பிரபுவின் மண்ணோடு கட்டப்பட்ட உழவனுக்கு அதுதான் பெயர். 'நேவ்' என்றால் சிறுவன், பிறகு வேலைக்காரன், பிறகு அயோக்கியன். 'சர்ல்' சாதாரணக் குடியானவன், பிறகு பண்பற்றவன். 'ராஸ்கல்' கீழ்மக்கள் கூட்டம். மறுபக்கம் பிரபுவைக் குறித்த 'நோபிள்', நல்ல குடிப்பிறப்பைக் குறித்த 'ஜென்டில்' இரண்டும் உயர்ந்த குணங்களின் பெயர்களாயின. சமூகத் தகுதியைக் குறித்த சொற்கள் ஒழுக்கத்தைக் குறிக்கும் சொற்களாக மாறும் இந்தப் போக்கை சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட தம் சொல்லாராய்ச்சி நூலில் எடுத்துக்காட்டினார். பெண்களுக்கும் இதே கதைதான். வீட்டுத்தலைவியைக் குறித்த சொல் சுருங்கி 'ஹஸ்ஸி' என்று ஆனபோது ஒழுக்கம் கெட்டவள் என்று பொருளாகிவிட்டது.

இந்த வகையில் நம் மண்ணிலிருந்து போன சொல் ஒன்று உண்டு. ஆங்கில நாளிதழ்களில் 'பரையா ஸ்டேட்' என்று தலைப்புப் பார்த்திருப்பீர்கள். உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாடு என்று பொருள். தெருநாய்க்கும் அந்த அடைமொழி உண்டு. ஆங்கில அகராதிகள் அதன் மூலத்தைத் தமிழ் என்று குறிக்கின்றன. பறை என்ற கருவியோடும் ஒரு பெரிய மக்கள் கூட்டத்தின் பெயரோடும் தொடர்புடைய சொல், ஐரோப்பியர்கள் வழியாக ஆங்கிலத்துக்குள் போய், ஒதுக்கப்பட வேண்டியவர் என்ற பொதுப்பொருளில் உட்கார்ந்துவிட்டது. பொதுவெளியில் ஒருவரைச் சாதிப் பெயரால் இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதே பெயரை ஆங்கில உச்சரிப்பில், நல்ல கல்லூரிகளில் படித்த நம் கட்டுரையாளர்களே தயங்காமல் எழுதுகிறார்கள். இந்த அரங்கில் இருக்கும் ஆங்கில மாணவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: அந்தச் சொல்லை எழுதாதீர்கள். ஒதுக்கப்பட்ட நாடு என்று சொல்ல ஆங்கிலத்தில் வேறு சொற்கள் வேண்டிய அளவு இருக்கின்றன.

இவற்றிலிருந்து விலகி நிற்கும் இன்னொரு வகையும் உண்டு. பொய்யர், கோழை, வேடதாரி என்பவை ஒருவர் செய்ததைக் காட்டித் திட்டும் சொற்கள். இவற்றுக்கு மறுப்புச் சொல்லலாம், சான்று கேட்கலாம், அவதூறு வழக்கும் போடலாம். பக்கத்தில் நிற்கும் மூன்றாம் ஆளுக்கு இவற்றால் காயமில்லை. ஆனால் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மிகவும் கண்டிப்பாகத் தடுப்பது இவற்றில் முதலாவதைத்தான். சக உறுப்பினரைப் பொய்யர் என்று அங்கே சொல்லக் கூடாது. 1906இல் சர்ச்சில் அதைச் சுற்றிவளைத்து, சொற்பிழை நேர்ந்துவிட்டது என்ற பொருளில் ஒரு தொடரை உருவாக்கினார். 2021 ஜூலையில் டான் பட்லர் என்ற உறுப்பினர், பிரதமர் போரிஸ் ஜான்சன் பலமுறை பொய் சொன்னார் என்று கூறி, திரும்பப் பெற மறுத்ததால் அவையைவிட்டு வெளியேற்றப்பட்டார். அவை நாகரிகத்துக்கு அந்த விதி தேவை என்கிறார்கள். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் நம்பாவிட்டால் விவாதமே நடக்காது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. என்றாலும் சான்றோடு பேசுகிறவருக்கு வழிவிடாத விதி எனக்கு உடன்பாடானதில்லை.

எது கடுமையான வசை என்ற கணக்கும் காலத்தோடு மாறுகிறது. 1914இல் லண்டனில் பெர்னார்ட் ஷாவின் பிக்மேலியன் நாடகத்தில் பூக்காரப் பெண் 'பிளடி' என்று சொன்னது நாட்டையே அதிரவைத்தது. ஆக்ஸ்போர்டு அகராதி 1928இல் முழுமை பெற்றபோது உடல் உறவு தொடர்பான இரண்டு சொற்களை விட்டுவிட்டது. 1972இல் வந்த துணைத் தொகுதியில்தான் அவற்றுக்கு இடம் கிடைத்தது. 2016இல் பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் மக்களிடம் கேட்டபோது, அத்தகைய பழைய கெட்ட வார்த்தைகளைவிட, இனத்தையும் உடற்குறையையும் காட்டித் தாக்கும் சொற்கள்தான் தங்களை அதிகம் உறுத்துவதாகப் பலர் சொன்னார்கள். ஒரு நூற்றாண்டில் பிரிட்டிஷ் மக்களின் கூச்சம் இடம் மாறியிருக்கிறது. இது எனக்கு நம்பிக்கை தருகிறது.

நம் நாட்டிலும் அசைவு தெரிகிறது. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் தமிழ்நாட்டில் அரசாணைகளிலும் பேருந்து இருக்கைகளிலும் பரவி, ஊனமுற்றோர் என்ற பழைய சொல்லைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. 2024 ஜூலையில் ஓர் இந்தித் திரைப்படம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டும்போது கவனிக்க வேண்டியவற்றை வகுத்து, 'கிரிப்பிள்', 'ஸ்பாஸ்டிக்' போன்ற சொற்கள் சமூகத்தின் பார்வையில் இழிவான பொருள் ஏறிவிட்டவை என்று சுட்டிக்காட்டியது. திக்குவாயையும் காது கேளாமையையும் நகைச்சுவைக் காட்சிகளாக்கியே பழகிய நம் படங்களை எழுதுகிறவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை முழுமையாகப் படிக்க வேண்டும்.

அகராதி செய்கிறவர்களிடமும் மொழிபெயர்ப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் பலவற்றில் இடியட், இம்பெசில், மோரான் மூன்றுக்கும் முட்டாள், மூடன், மடையன் என்று ஏறத்தாழ ஒரே பொருளைத்தான் காண்கிறோம். நாவலை மொழிபெயர்க்கிறவருக்கு ஓரளவு அது போதும். 1927ஆம் ஆண்டின் நீதிமன்ற ஆவணத்தையோ 1912ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தையோ மொழிபெயர்க்கிறவருக்கு அது துணைசெய்யாது. அங்கே முட்டாள் என்று எழுதினால் கேரி பக்குக்கு நடந்தது என்ன என்பதே வாசகருக்குப் புரியாமல் போகும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இலேயே உயர் வழக்கு, பேச்சு வழக்கு, அருகிவரும் வழக்கு என்றெல்லாம் குறிப்புத் தந்து வழிகாட்டியது. அந்த முறையில், ஆங்கில வசை ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்னும் இரண்டு குறிப்புகள் வேண்டும். இந்தச் சொல் முன்பு சட்டத்திலோ மருத்துவத்திலோ யாரைக் குறித்தது, எந்த ஆண்டுவரை குறித்தது என்பது ஒன்று. இன்று இதைக் கேட்டால் எதிராளியைத் தவிர வேறு யாருக்கு வலிக்கும் என்பது மற்றொன்று. ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால், முதலில் ஒரு நூறு சொற்களுக்கு இந்த ஆண்டே இதைச் செய்துவிடலாம். அந்த வேலைக்கு மாணவர்கள் யார் முன்வந்தாலும், உடன் உட்கார்ந்து உழைக்க நான் அணியமாக இருக்கிறேன்.